பூஜை விருந்தில் நெய் இல்லாத இலை: சால்ட் லேக் மாணவர்களின் உணவுத் தேர்வு

கொல்கத்தா: துர்கா பூஜையின் நவமி நாளில் ஆட்டிறைச்சி கொதிக்காத வீட்டை வங்காளிகள் பூஜை நடந்த வீடாகவே கருதுவதில்லை. அதற்கு முந்தைய நாளான அஷ்டமியன்று பெரும்பாலான வீடுகளில் மீனும் இறைச்சியும் கிடையாது. ஆனால் லூச்சி, கடலைப் பருப்பு, நெய் மணக்கும் கிச்சுரி, பால் பாயசம், சந்தேஷ் என்று இலை நிறைந்துவிடும். அஷ்டமி விருந்தைப் பாலுக்காகவும் நவமி விருந்தை இறைச்சிக்காகவும் மறுக்கும் ஒரு மாணவர், விடுதி மெஸ்ஸும் பூட்டப்பட்டுவிட்ட அந்த விடுமுறை நாள்களில் எதைச் சாப்பிடுவார்?

இறைச்சி, மீன், முட்டையுடன் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்குவோரை ஆங்கிலத்தில் 'வீகன்' என்கின்றனர். இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவரது நண்பர்களும் 1944 நவம்பரில் உருவாக்கிய சொல் அது. தமிழில் 'நனிசைவம்' என்ற சொல் சில ஆண்டுகளாக வழக்குக்கு வந்துள்ளது. நாட்டின் பெருநகரப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் இன்று இத்தகைய மாணவர்கள் சிலரேனும் உள்ளனர். எண்ணிக்கையில் இவர்கள் சொற்பம். எனினும், உணவு அரசியல் ஆகிவிட்ட ஒரு காலத்தில் இவர்களின் தட்டு எழுப்பும் கேள்வி சிறியதல்ல.

அக் கேள்வியைக் கேட்பதற்குச் சால்ட் லேக்கைவிடப் பொருத்தமான இடம் வேறு இருக்க முடியாது. மீன்களின் மேல் கட்டப்பட்ட நகரம் அது.

குளத்தைத் தூர்த்து எழுந்த நகரம்

கொல்கத்தாவின் கிழக்கு எல்லையில் பரந்து கிடந்த உப்பு ஏரிகள், கடலின் வரத்துக் குறைந்த பிறகு, 'பேரி' எனப்படும் மீன்வளர்ப்புக் குளங்களாக மாறின. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த மக்களால் நகரம் பிதுங்கிய நிலையில், முதலமைச்சர் விதான் சந்திர ராய் இந்த ஏரிப் பகுதியின் ஒரு பாகத்தைத் தூர்த்துப் புதிய நகரம் அமைக்கத் திட்டமிட்டார். யுகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் பெற்றது. ஹூக்ளி ஆற்றின் வண்டல், குழாய்கள் மூலம் ஏரிக்குள் செலுத்தப்பட்டது. 1962 ஏப்ரலில் பணி தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 1-ல் ராய் காலமானார். நகரத்தின் வரைபடத்தைத் தீட்டியவர் யுகோஸ்லாவியக் கட்டடக் கலைஞர் தோப்ரிவோயே தோஷ்கோவிச். பின்னாளில் ராயின் நினைவாக 'விதான்நகர்' என்று பெயர் சூட்டப்பட்டபோதிலும், மக்கள் நாவில் இன்றும் அது சால்ட் லேக்தான்.

1972 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு இங்குதான் கூடியது. அப்போது பிரதமர் இந்திரா காந்தி தங்குவதற்கென அமைக்கப்பட்ட 'இந்திரா பவன்' இல்லத்தில், பிற்காலத்தில் கம்யூனிஸ்ட் முதலமைச்சர் ஜோதி பாசு பல ஆண்டுகள் வசித்தார். அரசியலில் இப்படி இல்லம் மாறியதுண்டு. உணவில் எந்த மாற்றமும் இல்லை. மாநில மீனவர் கூட்டுறவு இணையமான பென்ஃபிஷின் கட்டடம் ஐந்தாம் செக்டாரில் உயர்ந்து நிற்கிறது. 2018 முதல் சால்ட் லேக்கின் சென்ட்ரல் பார்க்கில் நடைபெற்று வரும் கொல்கத்தா புத்தகக் காட்சியில், பதிப்பகங்களின் அரங்குகளுக்குச் சற்றும் குறையாத கூட்டம் பொரித்த மீன் விற்கும் கடைகளின் முன் நிற்கும்.

இந்திய தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2014-ல் நடத்திய மாதிரிப் பதிவு ஆய்வின்படி, மேற்கு வங்கத்தில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 98 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவ உணவு உண்பவர்கள். தமிழகம் சைவ மாநிலம் என்ற எண்ணம் வட இந்தியாவில் பலருக்கு உண்டு. அதே ஆய்வில் தமிழகத்தின் அளவு 97 சதவீதத்துக்கும் மேல் என்பது அவர்களை வியப்பில் ஆழ்த்தக் கூடும்.

இந்த நகரத்தின் மூன்றாம் செக்டாரில், எல்.பி. பிளாக்கில், 1999-ல் மாநிலச் சட்டத்தின் மூலம் உருவான தேசிய நீதி அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் இரண்டாவது வளாகமும் அதே பிளாக்கில் இருக்கிறது. ஜே.டி. பிளாக்கில் கொல்கத்தா பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப வளாகமும் எஸ்.என். போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையமும், முதல் செக்டாரில் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனமும் உள்ளன. அகில இந்தியத் தேர்வு எழுதி சட்டம் பயில வருவோரும், இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வருவோரும் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகின்றனர். அவர்களில் தமிழர்களும் உண்டு. பூஜை விடுமுறைக்கு ஊர் திரும்ப ரயிலில் ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்ய வேண்டிய அவர்களில் பலர், விடுதியிலேயே தங்கிவிடுகின்றனர். விடுமுறை உணவு ஒரு பிரச்சினையாக மாறுவது இவர்களுக்குத்தான்.

பிளாக்கின் பந்தலும் பொதுப் பந்தியும்

சால்ட் லேக் ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்ட பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்ட நகரம். ஏறத்தாழ ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பூங்கா, ஒரு குடியிருப்போர் சங்கம், ஒரு துர்கா பூஜை. எஃப்.டி. பிளாக் போன்ற சில பூஜைகளைக் காண நகரம் முழுவதிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். மற்றவை பிளாக்வாசிகளின் குடும்ப விழாக்கள் போன்றவை. பூஜை நாள்களில் பல பிளாக்குகளில் வீட்டு அடுப்புகள் ஓய்வெடுக்கும். பந்தலுக்குப் பின்னால் பொதுப் பந்தி நடக்கும். அம்மனுக்குப் படைத்த 'போக்' எனப்படும் நிவேதன உணவை வரிசையில் அமர்ந்து உண்பது, தமிழகத்துக் கோயில் அன்னதானத்தை நினைவூட்டும் காட்சி.

அந்த இலையில் என்ன இருக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். கோவிந்தபோக் என்ற மணமுள்ள குறுநெல் அரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் சேர்ந்த கிச்சுரி. பூசணி, கத்தரி, முள்ளங்கி, சர்க்கரைவள்ளி, கீரைத் தண்டு எல்லாம் குழைய வெந்த லாப்ரா. கடலை மாவில் தோய்த்துப் பொரித்த கத்தரித் துண்டமான பேகுனி. தக்காளியும் பேரீச்சையும் சேர்ந்த இனிப்புச் சட்னி. அப்பளம். கடைசியாகப் பாயசம். வங்காளத்தில் சமையல் எண்ணெய் என்றால் கடுகு எண்ணெய்தான். ஆகவே கிச்சுரியில் இறுதியாக ஊற்றும் நெய்யையும், பாயசத்தையும் நீக்கிவிட்டால் இந்த விருந்து அப்படியே நனிசைவ விருந்து. தயிரும் மோரும் நெய்யும் இல்லாமல் தொடங்கவே முடியாத தமிழகத்து சைவ விருந்தைவிட இது எளிது.

வங்காளச் சமையலில் பால் தொடாத தாவர உணவின் வரிசை மிக நீளமானது. வாழைப்பூவைத் துருவிய தேங்காயுடன் வதக்கும் மோச்சார் கண்டோ, கசகசாவை அரைத்து உருளைக்கிழங்குடன் சேர்க்கும் ஆலு போஸ்தோ, பருப்பு வில்லைகளைப் பொரித்துக் குழம்பில் இடும் தோகார் தால்னா, 'மரத்து ஆடு' என்று செல்லமாக அழைக்கப்படும் பலாப்பிஞ்சுக் கறி என அடுக்கிக்கொண்டே போகலாம். தாளிப்பில் நெய் சேர்க்கும் வீடுகள் உண்டு என்பது மட்டுமே இவற்றில் கவனிக்க வேண்டியது. மீனுக்குப் பெயர்பெற்ற மக்களிடம் இவ்வளவு கைத்திறன் எப்படி வந்தது?

அதற்கான விடை இனிமையானதன்று. உயர்சாதி இந்துக் குடும்பங்களில் விதவைகளுக்கு மீனும் இறைச்சியும் மறுக்கப்பட்டன. காமத்தைத் தூண்டும் என்று வெங்காயமும் பூண்டும் மறுக்கப்பட்டன. மைசூர்ப் பருப்பு கூட விலக்கப்பட்டது. ஏகாதசி தோறும் கடும் விரதம். ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் போராட்டத்தின் விளைவாக 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வந்த பின்னரும், சட்டம் சமையலறைக்குள் நுழைவதற்குப் பல தலைமுறைகள் ஆயின. தனி அடுப்பில், கிடைத்த காய்த் தோலையும் தண்டையும் கொண்டு அப்பெண்கள் உருவாக்கிய சமையல்தான் இன்று உணவகங்களில் 'நிராமிஷ்' என்ற பெயரில் நல்ல விலைக்கு விற்கிறது. ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் மகளான பிரக்ஞாசுந்தரி தேவி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைவ, அசைவ உணவு வகைகளைத் தொகுத்து வெளியிட்ட சமையல் நூல், வங்க மொழியின் முன்னோடி நூல்களுள் ஒன்று.

'நிராமிஷ்' என்ற சொல்லையும் நாம் எச்சரிக்கையோடு அணுக வேண்டியுள்ளது. காளிக்குப் பலியிட்ட ஆட்டின் இறைச்சியை வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைத்தால் அதற்கும் 'நிராமிஷ் மாங்ஷோ' என்றே பெயர். சைவ ஆட்டிறைச்சி! சொல்லை நம்பிச் சாப்பிட உட்கார்ந்த தமிழக மாணவருக்கு இது ஓர் அதிர்ச்சிதான்.

பாலில்தான் சிக்கல்

ஆக, நனிசைவ மாணவருக்குச் சால்ட் லேக்கில் பெரிய தடை மீன் அன்று. மீனை வேண்டாம் என்றால் எவருக்கும் புரிந்துவிடும். ரசகுல்லாவை வேண்டாம் என்றால்தான் புரியாது.

வங்காளத்து இனிப்பின் உயிர், பாலைத் திரித்து எடுக்கும் 'சானா'. சந்தேஷ், ரசகுல்லா, பாந்துவா எல்லாம் அதன் பிள்ளைகள். 2017 நவம்பரில் 'பாங்களார் ரசகுல்லா'வுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாநிலமே அதைக் கொண்டாடியது. 1965-ல் முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென்னின் காங்கிரஸ் அரசு, குழந்தைகளுக்குப் பால் தட்டுப்படுகிறது என்று கூறி, சானா இனிப்புகளுக்குத் தடை விதித்து ஆணை பிறப்பித்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதல்ல. அரிசித் தட்டுப்பாடும் விலைவாசியும் வாட்டிய அக்காலத்தில், 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. தோல்விக்குக் காரணங்கள் பல. எனினும் ரசகுல்லாவின் பங்கைப் பற்றிப் பழைய கொல்கத்தாவாசிகள் இன்றும் பாதி வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு.

பூஜை முடிந்து விஜயதசமியன்று பெரியவர்களை வணங்கச் செல்லும் இளைஞருக்கு இனிப்பு தரப்படும். அதை மறுப்பது பெரியவரையே மறுப்பது போல. பேராசிரியர் வீட்டுக்கு வணக்கம் சொல்லப் போகும் ஆய்வு மாணவர் சந்தேஷைத் தொடாமல் எழுந்தால், உடல்நலம் சரியில்லையா என்று கேட்பார்கள்; கொள்கை என்று ஒருவரும் எண்ண மாட்டார்கள். தேங்காயும் வெல்லமும் சேர்த்து உருட்டும் நாருவும் அந்நாளுக்குரிய பலகாரம்தான் என்பது இவ்விடத்தில் பலரைக் காப்பாற்றுகிறது.

பாலை மறுப்பது மேலைநாட்டுப் பழக்கம் என்ற விமர்சனம் அடிக்கடி எழுகிறது. இந்த விமர்சனம் ஒரு முக்கியமான வரலாற்றை மறந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் தமிழ்ச் சத்தியாகிரகிகள் பலர் குடும்பத்துடன் வாழ்ந்த டால்ஸ்டாய் பண்ணையில், 1912-ல், காந்தியும் அவரது நண்பர் காலன்பாக்கும் பாலைக் கைவிட்டனர். அம்முடிவுக்குப் பின்னணியில் இருந்தவற்றுள் ஒன்று, பசுக்களும் எருமைகளும் படும் சித்திரவதையை விவரித்து கொல்கத்தாவிலிருந்து வந்த பிரசுரங்கள் என்று காந்தி தமது சுயசரிதையில் பதிவு செய்துள்ளார். கறவை மாட்டின் பிறப்புறுப்பில் காற்றை ஊதி, கடைசிச் சொட்டுப் பாலையும் கறக்கும் 'பூக்கா' என்ற கொடிய வழக்கம் அன்று அந்நகரில் நிலவியது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டத்தின் 12-வது பிரிவு இன்றும் அதைப் பெயர் சொல்லிக் குற்றமாக்குகிறது.

கடும் நோயிலிருந்து மீள முடியாமல் தவித்த காந்தி, 1919-ல் கஸ்தூர்பாவின் யோசனையை ஏற்று ஆட்டுப்பாலைக் குடிக்கத் தொடங்கினார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் பொருளைக் கைவிட்டுவிட்டோம் என்ற வருத்தம் அவருக்கு இறுதிவரை இருந்தது. எனினும் வீகன் என்ற சொல் பிறப்பதற்கு 32 ஆண்டுகள் முன்பே, அதன் மையமான வாதத்தை கொல்கத்தாவின் மாட்டுக் கொட்டில்கள் ஓர் இந்தியருக்குக் கற்றுக் கொடுத்துவிட்டன என்பது கவனிக்கத்தக்கது. திருக்குறள் புலால் மறுப்பதற்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. ஆனால் தமிழ் மரபு பாலைக் கேள்விக்கு உட்படுத்தியதில்லை.

சைவம் வேறு, நனிசைவம் வேறு

உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. எருமை இறைச்சி ஏற்றுமதியில் முன்னணி நாடுகளுள் ஒன்றும் இந்தியாதான். இவ்விரண்டும் ஒரே தொழிலின் இரு முனைகள்: கறவை நின்ற மாடும், பால் தராத கடாக் கன்றும் எங்கே போகின்றன என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். பால் அருந்திக்கொண்டே இறைச்சி உண்பவரைப் பழிக்கும் சைவத்தை நனிசைவர்கள் ஏற்காததற்குக் காரணம் இதுவே. பசுவைப் புனிதமாகக் கருதுவதும் பசுவைத் துன்புறுத்தாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பது அவர்களது வாதம்.

தில்லியில் இருந்து பார்க்கும்போது இந்த வேறுபாடு எளிதில் மறைந்துவிடுகிறது. வங்காளம் ஆட்டிறைச்சியோடு துர்கையை வழியனுப்பும் அதே நாள்களில், வட இந்தியா நவராத்திரி விரதம் இருக்கிறது. தில்லியின் சித்தரஞ்சன் பூங்கா பந்தல்களில் முட்டை ரோலும் மீன் வறுவலும் விற்க, சில தெருக்கள் தள்ளி உணவகங்கள் விரத உணவுப் பட்டியலை மாட்டியிருக்கும். இரண்டும் ஒரே தெய்வத்துக்கான விழாக்களே. 2022 ஏப்ரலில் சைத்ர நவராத்திரியின்போது இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி தெற்கு தில்லி மேயர் விடுத்த அழைப்பு பெரும் சர்ச்சையானது. அம்மாதம் 10-ம் தேதி, ராம நவமியன்று, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் காவேரி விடுதியில் மாணவர் அமைப்புகள் மோதிக்கொண்டதில் பலர் காயமடைந்தனர். இரவு உணவில் கோழிக்கறி பரிமாறுவதைத் தடுத்தனர் என்று ஒரு தரப்பும், பூஜையைத் தடுத்தனர் என்று மறுதரப்பும் குற்றம் சாட்டின. 2025 பிப்ரவரியில் மகா சிவராத்திரியன்று தில்லியின் தெற்காசியப் பல்கலைக்கழக மெஸ்ஸில் அசைவ உணவு தொடர்பாக மோதல் வெடித்தது.

மும்பை ஐ.ஐ.டி.யில் 2023-ல் சில மேசைகள் சைவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. அதை எதிர்த்து அம்மேசையில் அமர்ந்து இறைச்சி உண்ட மாணவருக்கு ரூ. 10,000 அபராதம் விதிக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யும் விலக்கல்ல. 2017 மே மாதம் மாட்டிறைச்சி விருந்தில் பங்கேற்ற ஆய்வு மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார். 2018 டிசம்பரில் மெஸ் ஒன்றில் சைவ, அசைவ மாணவர்களுக்குத் தனித்தனி நுழைவாயில் என்று ஒட்டப்பட்ட அறிவிப்பு தீண்டாமையை நினைவூட்டுவதாகக் கண்டனம் எழுந்ததும் அகற்றப்பட்டது. சத்துணவில் முட்டை வழங்கும் மாநிலத்திலிருந்து வரும் மாணவர், 'தூய சைவம்' என்ற பலகையைக் கண்டால் அதற்குப் பின்னே சாதியின் நிழலைத் தேடுவதில் வியப்பில்லை.

நனிசைவ மாணவர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அவர் சைவ மேசைக்குப் போனால் அங்கே பனீரும் தயிரும். அசைவ மேசைக்குப் போனால் அவரை மற்றத் தரப்பின் ஒற்றர் போலப் பார்ப்பார்கள். அவரது கோரிக்கையில் அடுத்தவர் தட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. இறைச்சி உண்ணும் மாணவர் கேட்பதையே அவரும் கேட்கிறார்: என் தட்டில் இருப்பதை யார் தீர்மானிப்பது? விடுதி உணவைப் பற்றிய போராட்டங்களில் இவ்விரு தரப்பும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. நடைமுறையில் அப்படி நிற்பதில்லை என்பதற்கு நனிசைவப் பிரசாரகர்கள் சிலரின் உபதேசத் தொனியும் ஒரு காரணம். தலைமுறை தலைமுறையாக இறைச்சிக்காகவே ஒதுக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளையிடம் போய், கருணையைப் பற்றிப் பாடம் நடத்தினால் அது எப்படிக் கேட்கும் என்று யோசித்திருக்க வேண்டும்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று சால்ட் லேக்கின் சட்ட மாணவர்களுக்குத் தெரியும். ஆமதாபாதில் ஜைனர்களின் பர்யூஷண் விழாவின்போது இறைச்சிக் கூடங்களை மூடுவது குறித்த வழக்கில், 2008 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் எதை உண்கிறார் என்பது அவரது சொந்த விஷயம், அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் அந்தரங்க உரிமையின் ஒரு பகுதி என்று கூறிய அதே தீர்ப்பு, ஒன்பது நாள் மூடல் குறுகிய காலமே என்பதால் அது நியாயமான கட்டுப்பாடு என்றும் கூறியது. உரிமை ஆண்டு முழுவதும் உண்டு. பண்டிகைக்கு மட்டும் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும்! 2017-ல் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வில், எதை உண்பது என்று அரசு கூறுவதை எவரும் விரும்ப மாட்டார்கள் என்ற கருத்தை நீதிபதி செலமேஸ்வர் தெரிவித்தார்.

பிரிட்டனில் நெறி சார்ந்த நனிசைவம், சட்டப் பாதுகாப்புக்குரிய தத்துவ நம்பிக்கை என்று 2020 ஜனவரியில் தொழிலாளர் தீர்ப்பாயம் ஒன்று கூறியது. இந்தியாவில் அத்தகைய தீர்ப்பு இல்லை. 2022-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வெளியிட்ட விதிகள், நனிசைவ உணவுப் பொட்டலங்களுக்குத் தனி முத்திரையை ஏற்படுத்தின. பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பால் இல்லை என்று நம்ப முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. ஆனால் விடுதியின் அண்டாவில் எந்த முத்திரையும் ஒட்டப்படுவதில்லை.

மெஸ் கணக்கு

விடுதி மெஸ்கள் பொதுவாக ஒப்பந்ததாரர் மூலமோ, மாணவர் குழு மூலமோ நடக்கின்றன. மாதத் தொகை ஒன்றுதான். மீன் நாளில் மீன் உண்ணாதவருக்குப் பனீர் அல்லது முட்டை மாற்றாகத் தரப்படும். இரண்டையும் மறுப்பவருக்குத் தருவதற்கு ஒப்பந்தத்தில் எதுவும் இருக்காது. மீன் விலையைக் கட்டிவிட்டு, பருப்பும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு எழ வேண்டியதுதான். பொட்டலத்தில் விற்கும் பாதாம் பாலும் ஓட்ஸ் பாலும் பசும்பாலைவிடப் பன்மடங்கு விலை. கல்வி உதவித்தொகையில் படிக்கும் மாணவருக்கு அவை எட்டாக் கனி. நனிசைவம் பணக்காரர்களின் விருப்பம் என்ற பெயரைப் பெற்றது இத்தகைய பொட்டலங்களால்தான். கொண்டைக்கடலையும் சோயாவும் வேர்க்கடலையும் பணக்காரப் பண்டங்கள் அல்ல.

உடல்நலத்தைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டும். வைட்டமின் பி-12 தாவர உணவில் கிடைப்பதில்லை. குறைபாடு நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக் கூடியது. மாத்திரையாகவோ, செறிவூட்டிய உணவாகவோ அதை உட்கொள்வது நனிசைவருக்குக் கட்டாயம். கொள்கை ஆர்வத்தில் முதலாண்டு மாணவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

பூஜை விடுமுறையில் மெஸ் ஊழியர்களும் ஊருக்குப் போகின்றனர். அவர்களுக்கும் அது பண்டிகை. அதைக் குறை கூற முடியாது. அந்நாள்களில் நனிசைவ மாணவருக்குக் கைகொடுப்பது தெருவோரம்தான். புளித் தண்ணீர் நிரப்பிய புச்கா, கடுகு எண்ணெய் விட்டுக் கலந்த பொரி, பட்டாணியில் செய்த குக்னி ஆகிய மூன்றிலும் பால் இல்லை. கருணாமயி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் இவற்றைக் கொண்டே ஒரு வேளையை ஓட்டிவிடலாம். தமிழ்ச் சாப்பாடு வேண்டுமென்றால், தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் தென் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் வரை போக வேண்டும். அங்கே இட்லியும் சாம்பாரும் கிடைக்கும். காபியை மட்டும் கறுப்பாகக் கேட்டால் கடைக்காரர் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார்.

பெர்லினில் மாணவர் நல அமைப்பு 2021 அக்டோபரில் தனது 34 உணவகங்களின் பட்டியலை மாற்றியது. 68 சதவீத உணவுகள் நனிசைவம், 28 சதவீதம் சைவம், இறைச்சிக்கும் மீனுக்கும் தலா 2 சதவீதம். பருவநிலை மாற்றத்தைக் கருதி மாணவர்களே கேட்டுப் பெற்றது இது. அந்த விகிதத்தைச் சால்ட் லேக்கில் முன்மொழிபவர் மெஸ் குழுத் தேர்தலில் வைப்புத்தொகையை இழப்பது நிச்சயம். இங்கே தேவைப்படுவதும் அதுவல்ல.

தவிர, தாவர உணவை உண்டுவிட்டால் மீனிடமிருந்து விடுதலை கிடைத்துவிடும் என்று எண்ணுவோருக்குச் சால்ட் லேக்கின் கிழக்கு எல்லை வேறொரு செய்தி வைத்திருக்கிறது. தூர்க்கப்படாமல் எஞ்சிய ஏரிகள் 12,500 ஹெக்டேர் கொண்ட கிழக்கு கொல்கத்தா சதுப்பு நிலமாக, 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. நகரத்தின் கழிவுநீர் இங்குள்ள குளங்களில் வெயிலாலும் பாசியாலும் தூய்மையாகி மீனுக்கு உணவாகிறது. மீன்குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல் வயலுக்குப் பாய்கிறது. பக்கத்திலுள்ள தாபாவில் குப்பை மக்கிய மண்ணில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து காலிஃபிளவரும் கத்தரியும் கீரையும் விளைகின்றன. இந்த அமைப்பின் அருமையை உலகுக்கு எடுத்துரைத்தவர், 2018-ல் மறைந்த பொறியாளர் துருவஜோதி கோஷ். லாப்ராவில் வேகும் கத்தரிக்காய்க்கும் குளத்து மீனுக்கும் தண்ணீர் உறவு உண்டு. மீன் வளர்ப்பு லாபமற்றதாகிக் குளங்கள் மனை நிலமானால், காய்கறியும் அதோடு போகும். கொள்கையளவில் மீனை மறுக்கும் மாணவர்களும் சதுப்பு நிலத்தைக் காக்கும் இயக்கத்தில் மீனவர்களோடு நிற்க இது போதுமான காரணம்.

மாணவர்களின் விழா

துர்கா பூஜை பிளாக்கின் விழா. நத்தார் எனப்படும் கிறிஸ்துமஸ், பார்க் தெருவின் விழா. முட்டையும் வெண்ணெயும் சேர்ந்த பழ கேக்கின் விழா. மாணவர்களுக்கே உரிய விழா தை அல்லது மாசியில் வரும் சரஸ்வதி பூஜைதான். பள்ளி, கல்லூரி, விடுதி தோறும் மாணவர்களே பணம் திரட்டி, சிலை வாங்கி, பந்தல் கட்டி, மதிய உணவு பரிமாறுகின்றனர். அன்றைய உணவும் கிச்சுரி, லாப்ரா, பேகுனி, சட்னிதான். கிழக்கு வங்க வழியினர் சில வீடுகளில் ஜோடி ஹில்சா மீன் சமைப்பதுண்டு. விடுதியில் அந்த வழக்கம் அரிது.

இதற்குச் சில நாள்கள் முன்பு, நமது பொங்கல் திருநாளன்றே வரும் பௌஷ சங்கராந்திக்கு, அரிசி மாவில் தேங்காய்ப் பூரணமும் ஈச்ச வெல்லமும் வைத்து ஆவியில் வேகவைத்த பித்தே கிடைக்கும். தமிழக மாணவர் அதைக் கொழுக்கட்டை என்றே அடையாளம் காண்பார். பாலில் இட்டுக் காய்ச்சுவதற்கு முன் எடுத்துக்கொண்டால் அதில் பாலின் தொடர்பு இல்லை.

சரஸ்வதி பூஜைக்கும் அதே உத்தி போதும். கிச்சுரி வெந்து இறங்கும்போதுதான் நெய் ஊற்றப்படுகிறது. அதற்கு முன் ஒரு பாத்திரம் தனியே எடுத்து வைக்கச் செலவு எதுவும் இல்லை, சமையற்காரருக்குக் கூடுதல் வேலையும் இல்லை. பட்டியலைத் தயாரிப்பவர்கள் மாணவர்களே என்பதால், ஒப்பந்ததாரரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ போக வேண்டியதும் இல்லை. பூஜைக் குழு சந்தா வசூலிக்க அறைக்கு வரும்போது சொல்லிவிட்டால் முடிந்தது. வங்காள மாணவர்கள் சரஸ்வதியின் காலடியில் படைக்கும் வரை இலந்தைப் பழத்தைத் தொடுவதில்லை. தொட்டால் தேர்வில் தோல்வி என்பது நம்பிக்கை. பூஜை முடிந்ததும் அன்றைய சட்னி இலந்தையில்தான். அதில் வெல்லம் உண்டு, கடுகு தாளிப்பு உண்டு, பால் இல்லை.